கதை, கவிதை, அட்டைப்படம்: ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற ஏழை இதழ்

விசித்திரக் கதைகளும் பயங்கரக் கதைகளும் போட்ட ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற அமெரிக்க இதழின் 1933 அக்டோபர் மாத அட்டையில் வெளவால் முகமூடி அணிந்த ஒரு பெண் நேராக நம்மைப் பார்க்கிறாள். பழைய அமெரிக்க இதழ்களின் அட்டைகளில் இன்று அதிகம் மறுபதிப்பாகும் படங்களில் அதுவும் ஒன்று. வரைந்தவர் மார்கரெட் பிரண்டேஜ். எந்தக் கதைக்காக வரைந்தார் என்று கேட்டால், இந்த இதழை விரும்பிச் சேகரிப்பவர்கள்கூடச் சற்று யோசிப்பார்கள். ‘தி வாம்பயர் மாஸ்டர்’ என்ற தொடர்கதை அது. எழுதியவர் பெயர் ஹியூ டேவிட்சன் என்று அச்சாகியிருக்கும். எட்மண்ட் ஹாமில்டனின் புனைபெயர். அந்தத் தொடரை இப்போது தேடிப் படிப்பவர் குறைவு. ஆனால் அதே இதழுக்குள் கோனன் என்ற வாள்வீரனை வைத்து ராபர்ட் இ. ஹோவர்ட் எழுதிய கதை ஒன்று இருந்தது. கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்தின் ‘தி சீட் ஃப்ரம் தி செபல்கர்’ இருந்தது. இரண்டும் இன்றுவரை அச்சில் இருக்கின்றன.

இந்த இதழ் இன்று நம் கைக்கு மூன்று துண்டுகளாகத்தான் வருகிறது. கதைகள் தொகுப்பு நூல்களுக்குப் போய்விட்டன. அட்டைகள் ஓவிய நூல்களுக்கும் ஏலக்கூடங்களுக்கும் போய்விட்டன. கவிதைகளைப் பெரும்பாலும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய இதழ் ஒன்றை அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தால்தான் இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றது தெரியும். அட்டை கடையில் விற்றுக் கொடுத்தது. சாதாரண வாசகருக்கான விறுவிறுப்புக் கதைகள் வாசகரை அடுத்த மாதமும் வரவழைத்தன. அந்தக் காசில், வேறெங்கும் விலை போகாத கதைகளும் கவிதைகளும் பிழைத்துக்கொண்டன. அவற்றில் சில இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தின் நிலைத்த பகுதியாகிவிட்டன.

முதல் இதழ் 1923 மார்ச் தேதியிட்டுச் சிகாகோவிலிருந்து வந்தது. விலை 25 சென்ட். பதிப்பாளர்கள் ஜே. சி. ஹென்னபெர்கர், ஜே. எம். லான்சிங்கர். எட்கர் ஆலன் போவின் தீவிர வாசகரான ஹென்னபெர்கர் இதழைத் தொடங்கியதற்குப் பின்னாளில் ஒரு காரணம் சொன்னார்: பென் ஹெக்ட் போன்ற பெயர்பெற்ற எழுத்தாளர்கள், வழக்கமான இதழ்கள் ஏற்காத விசித்திரக் கதைகளை எழுத ஆசை இருந்தும் அவற்றைப் போட இடமில்லை என்று அவரிடம் சொன்னார்களாம். அந்த இடத்தைத் தானே உண்டாக்கிவிடலாம் என்று நினைத்தார். அந்தப் பெயர்பெற்றவர்கள் அவர் எதிர்பார்த்தபடி எழுதித் தரவில்லை. வந்தவர்கள் முகம் தெரியாதவர்கள். நல்லதுதான் நடந்தது என்பேன்.

முதல் ஓராண்டு தரத்தில் சுமார்தான். ஆசிரியர் எட்வின் பேர்ட் இந்த வகைக் கதைகளில் பெரிய பிடிப்பு உள்ளவர் அல்ல. ஆனாலும் அவர் காலத்தில்தான் ராட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரத்திலிருந்து எச். பி. லவ்கிராஃப்ட் என்பவர் ஐந்து கதைகளை ஒன்றாக அனுப்பினார். வரிகளுக்கிடையே இடம் விடாமல் தட்டச்சு செய்திருந்தார். இடம் விட்டு அடித்து அனுப்பச் சொன்னார் பேர்ட். தட்டச்சு வேலையை அறவே வெறுத்த லவ்கிராஃப்ட் முணுமுணுத்துக்கொண்டே ‘டேகன்’ கதையை மறுபடி அடித்து அனுப்பினார். அது 1923 அக்டோபர் இதழில் வந்தது.

1924க்குள் இதழ் கடனில் மூழ்கியிருந்தது. மீட்பதற்காக ஹென்னபெர்கர் அன்றைய மாயாஜால நட்சத்திரம் ஹாரி ஹூடினியின் பெயரை இழுத்து வந்தார். ஹூடினி எகிப்தில் பிரமிடுகளுக்கு அடியில் சிக்கிக்கொண்டதாக ஒரு கதை; அதை எழுதிக்கொடுக்க லவ்கிராஃப்டுக்கு 100 டாலர். 1924 மார்ச் 3 அன்று அவருக்கு நியூயார்க்கில் திருமணம். ஊரிலிருந்து கிளம்பும்போது தட்டச்சுப் பிரதியை ரயில் நிலையத்தில் தொலைத்துவிட்டார். கையெழுத்துப் பிரதி கையோடு இருந்ததால் பிழைத்தார். தேனிலவின் பெரும்பகுதி ஃபிலடெல்ஃபியாவில் அந்தக் கதையை மறுபடி தட்டச்சு செய்வதில் கழிந்தது. மே முதல் ஜூலைவரை மூன்று மாதங்களுக்குச் சேர்த்து வந்த சிறப்பிதழில் ‘இம்ப்ரிசன்ட் வித் தி ஃபேரோஸ்’ ஹூடினி பெயரில் வெளியானது. அட்டைப்படமும் அந்தக் கதைக்குத்தான். லவ்கிராஃப்டின் சொந்தப் பெயரில் வந்த ஒரு கதைக்கு அவர் உயிரோடு இருந்தவரை இந்த இதழ் அட்டை தரவே இல்லை. பின்னால் ‘வியர்ட் டேல்ஸ்’ என்றாலே அவர் பெயர்தான் என்று ஆகிவிட்ட ஒருவருக்கு நேர்ந்தது இது.

ஆசிரியர் பொறுப்பு லவ்கிராஃப்டிடம்தான் முதலில் வந்தது. சிகாகோவுக்குக் குடிபெயர அவருக்கு மனமில்லை. இதழின் பிரதிகளைப் படித்துத் தேர்ந்துகொண்டிருந்த ஃபார்ன்ஸ்வர்த் ரைட் 1924 நவம்பர் இதழிலிருந்து பொறுப்பேற்று, 1940வரை இருந்தார். இந்த இதழின் சரித்திரம் என்பது பெருமளவு இந்த ஒரு மனிதரின் சரித்திரம்.

ரைட் முதல் உலகப் போரில் காலாட்படையில் பணியாற்றியவர். பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். சிகாகோவில் இசை விமர்சனம் எழுதினார். ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்தவர். அவருக்கு நடுக்குவாதம் இருந்தது. நோய் ஆண்டுக்கு ஆண்டு முற்றி, 1930 வாக்கில் தம் கடிதங்களில் கையெழுத்துப் போடக்கூட முடியாத நிலை. அந்த உடம்போடுதான் மாதாமாதம் வந்து குவிந்த கையெழுத்துப் பிரதிகளைப் படித்தார், எழுத்தாளர்களுக்குப் பதில் எழுதினார், ஓவியர்களிடம் பேசினார், கவிதைகளைத் தேர்ந்தெடுத்தார்.

தவறான முடிவுகளும் எடுத்தார், நிறையவே. ‘தி கால் ஆஃப் கதுலு’வை முதலில் திருப்பி அனுப்பியவர் அவர்தான். 1927இல் டொனால்ட் வாண்ட்ரே என்ற இளம் எழுத்தாளர் வழிச்செலவில்லாமல் போகிற வருகிற கார்களில் ஏறிச் சிகாகோ வழியாகப் பயணம் செய்தபோது ரைட்டைச் சந்தித்தார். லவ்கிராஃப்ட் அந்தக் கதையை வேறு இதழ்களுக்கு அனுப்ப எண்ணியிருப்பதாக ஒரு வார்த்தை போட்டுவைத்தார். ரைட் கதையைத் திரும்பக் கேட்டு வாங்கி, 165 டாலர் கொடுத்து, 1928 பிப்ரவரி இதழில் வெளியிட்டார். 1931இல் ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னெஸ்’ குறுநாவலை நிராகரித்தார். மிக நீளம், தொடராகப் பிரிக்கவும் வசதிப்படாது என்று காரணம் சொன்னார். அந்த அடியிலிருந்து லவ்கிராஃப்ட் முழுதாக மீளவே இல்லை. அதற்குப் பிறகு அவர் எழுதிய கதைகளின் எண்ணிக்கையே சொற்பம். அந்தக் குறுநாவல் 1936இல் ‘அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்’ இதழில்தான் வந்தது. ரைட்டை நேசிக்கிற எனக்கும் இந்த ஒன்றை மன்னிப்பது கடினமாக இருக்கிறது.

காசு விஷயத்துக்கு வருவோம். அது தெரியாமல் இந்த எழுத்து ஏன் இப்படி இருந்தது என்பது விளங்காது. இதழின் அடிமட்டக் கூலி சொல்லுக்கு அரை சென்ட். பெரிய பெயர்களுக்கு ஒரு சென்ட்வரை. பத்தாயிரம் சொல் கதைக்கு 50 டாலர். அதுவும் கதையை ஏற்றவுடன் கிடையாது, அச்சான பிறகுதான். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அச்சான பிறகும் பல மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. இதழின் பணம் இருந்த இண்டியானாபொலிஸ் வங்கியும் முடங்கியது. 1931இல் சில மாதங்கள் மாத இதழ் இருமாத இதழாகச் சுருங்கியது.

ஹோவர்டின் கணக்கைப் பாருங்கள். டெக்சஸ் மாநிலத்தில் கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூர்க்காரர். முதல் கதையை இந்த இதழுக்கு விற்றபோது வயது 18. கோனன் என்ற பாத்திரம் 1932 டிசம்பர் இதழில் ‘தி ஃபீனிக்ஸ் ஆன் தி ஸ்வோர்ட்’ கதையில் பிறந்தது. அதன் பிறகு நான்கு ஆண்டுகளுக்குள் மொத்தம் பதினேழு கோனன் கதைகள் இதே இதழில் வந்தன. 1935 மே மாதம் அவர் ரைட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாயார் காசநோயால் படுத்த படுக்கை, மருத்துவச் செலவு கழுத்தை நெரிக்கிறது, இதழ் தரவேண்டிய பாக்கி 800 டாலருக்கு மேல், மாதம் ஒரு காசோலையாவது அனுப்புங்கள் என்று கேட்டார். கெஞ்சல் இல்லாத, ஆனால் படிப்பவரைச் சும்மா இருக்க விடாத கடிதம். 1936 ஜூன் 11 அன்று, தாய் இனி நினைவு திரும்பமாட்டார் என்று தெரிந்ததும், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 30. அப்போது பாக்கி ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. ஜூலை இதழில் அவருடைய ‘ரெட் நெய்ல்ஸ்’ தொடங்கியது. அட்டைப்படம் அந்தக் கதைக்கே.

அப்படியானால் ஏன் இவர்கள் வேறு இடம் பார்க்கவில்லை? பார்த்தார்கள். 1931இல் ‘ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்’ என்ற போட்டி இதழ் சொல்லுக்கு இரண்டு சென்ட் கொடுத்தது. ஏழு இதழ்களோடு நின்றுபோனது. ஹோவர்ட் குத்துச்சண்டைக் கதைகளும் மேற்கத்தியக் கதைகளும் எழுதிச் சம்பாதித்தார். ஆனால் அவருடைய கோனனுக்கும் லவ்கிராஃப்டின் பிரபஞ்ச பயங்கரத்துக்கும் ஸ்மித்தின் செத்துக்கொண்டிருக்கும் சூரியனுக்கும் அந்த ஆண்டுகளில் நிலையாகத் திறந்திருந்த கதவு இது ஒன்றுதான். கூலி குறைவென்றால் பெரிய பெயர்கள் வரமாட்டார்கள். வராத இடத்தில் பதினாறு வயதுப் பையனுக்கும் வாய்ப்பு கிடைக்கும். 1928 ஆகஸ்ட் இதழில் வந்த ‘தி வெஞ்சன்ஸ் ஆஃப் நைடோக்ரிஸ்’ என்ற எகிப்தியப் பழிவாங்கல் கதைக்கு 35 டாலர் பெற்றவர் தாமஸ் லேனியர் வில்லியம்ஸ் என்ற பள்ளி மாணவர். பின்னாளில் டென்னஸி வில்லியம்ஸ் என்ற பெயரில் அமெரிக்க நாடக மேடையையே மாற்றியவர்.

அதே கூரையின் கீழ்தான் சி. எல். மூர் வந்தார். இண்டியானாபொலிஸில் ஒரு வங்கி நிறுவனத்தில் செயலாளராக வேலை பார்த்த கேத்தரின் மூர், முதலெழுத்துகளுக்குப் பின்னால் முழுப்பெயரை மறைத்துக்கொண்டு ‘ஷாம்ப்ளோ’ என்ற கதையை அனுப்பினார். செவ்வாய்க் கிரகத்துத் தெருவில் கும்பல் துரத்தும் ஒரு பெண்ணைக் காப்பாற்றும் விண்வெளி முரடன், அவள் யாரென்று பிறகு அறிகிறான். கிரேக்கர்களின் மெடூசாக் கதை அடியில் ஓடுகிறது. அந்தப் பிரதியைப் படித்த நாளில் ரைட் அலுவலகத்தையே மூடி மகிழ்ச்சி கொண்டாடினார் என்று அவரைச் சுற்றியிருந்தவர்கள் சொல்வதுண்டு. 1933 நவம்பரில் வந்தது. இன்றும் அதைப் படித்தால் உள்ளங்கை வியர்க்கும்.

கவிதைக்கு இங்கே சற்று அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன், ஏனென்றால் வேறு யாரும் கொடுப்பதில்லை. ஒரு கதை பக்கத்தின் பாதியில் முடிந்துவிட்டால் மிச்ச இடத்தை நிரப்ப எல்லா மலிவு இதழ்களும் ஏதாவது துணுக்குப் போடும். ரைட் அங்கே கவிதை போட்டார். சிறு கட்டத்துக்குள் பதினாலு வரி. பக்கத்தில் முந்தைய கதையின் கடைசிப் பத்தி. இடத்தை நிரப்பத்தானே என்று எண்ணிப் படிக்கத் தொடங்குகிறவரைத் தரம் நிறுத்திவிடும்.

கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் அடிப்படையில் கவிஞர். கலிஃபோர்னியாவில் ஆபர்ன் என்ற ஊருக்கு வெளியே வாழ்ந்தவர். 1912இல், 19 வயதிலேயே, ‘தி ஸ்டார் டிரெடர்’ தொகுதியால் பெயர் பெற்றார். நவீனக் கவிதை அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டதும் யாப்பும் அலங்காரமும் நிறைந்த அவருடைய எழுத்து இலக்கிய உலகின் கண்ணுக்கு மறைந்துபோனது. அவரை ஏற்றுக்கொண்டது 25 சென்ட் பயங்கரக் கதை இதழ். லவ்கிராஃப்டின் தூண்டுதலால் 1923லேயே அவர் கவிதைகள் உள்ளே வந்துவிட்டன. பிரெஞ்சைத் தானாகவே கற்றுக்கொண்டு அவர் மொழிபெயர்த்த போதலேர் கவிதைகளும் இதே பக்கங்களில் வந்தன. பேய்க்கதை வாங்க வந்த வாசகருக்கு போதலேர் கிடைத்த இதழ் வேறு ஏதாவது இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். பெற்றோருக்கு வயதாகி, செலவு ஏறியதும் ஸ்மித் கதைக்குத் திரும்பினார். 1930களின் முதல் பாதியில் எழுதிக் குவித்தார். அந்தக் கதைகளின் வாக்கியங்களைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். உரைநடையாக அடுக்கிய கவிதை என்பது காதுக்கே தெரியும். ‘தி டார்க் ஐடலன்’ போன்ற சில கதைகளுக்குப் படமும் அவரே வரைந்தார்.

லவ்கிராஃப்ட் 1929 டிசம்பர் கடைசி வாரத்திலும் 1930 ஜனவரி முதல் நாட்களிலுமாக ‘ஃபங்கை ஃப்ரம் யுகோத்’ என்ற சானெட் (பதினாலு வரிக் கவிதை) வரிசையை ஒரே மூச்சில் எழுதினார். அவற்றில் பத்தை ரைட் 1930, 1931 இதழ்களில் பிரித்துப் போட்டார். அவருடைய கதைகளில் அடைமொழிகள் அடுக்கடுக்காக வந்து சிலரை மிரட்டும். இந்தச் சானெட்டுகளில் அது கிடையாது. ஒரு முற்றம், ஒரு மணியோசை, அந்திவானில் தெரியும் ஒரு நகரம் என்று நேரான சொற்களில் காட்டிவிட்டு நகர்கிறார். அவரைப் புதிதாகப் படிக்க நினைப்பவர்களுக்கு இங்கிருந்து தொடங்கச் சொல்வேன். ஹோவர்டும் கவிஞர்தான். அவர் இறந்த பிறகும் அவருடைய கவிதைகள் இதழில் வந்துகொண்டிருந்தன. லீயா போடின் டிரேக், டாரதி குவிக் என்று இதழுக்குத் தொடர்ந்து எழுதிய பெண் கவிஞர்களும் இருந்தார்கள். டிரேக்கின் கவிதைகள் 1950இல் தனி நூலாகவும் வந்தன.

இனி அட்டை. மார்கரெட் பிரண்டேஜ் சிகாகோக்காரர், 1900இல் பிறந்தவர். வால்ட் டிஸ்னியோடு ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். கணவர் தொழிற்சங்கத் தீவிரர். வீட்டுக்குப் பணம் கொண்டுவந்ததைவிட ஊரில் விவாத மேடைகள் நடத்தியதுதான் அதிகம். ஆடை வடிவங்களை வரைந்து குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்த மார்கரெட் வேலை தேடி ரைட்டின் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய முதல் ‘வியர்ட் டேல்ஸ்’ அட்டை 1932 செப்டம்பரில். 1933 ஜூன் முதல் 1936 ஆகஸ்ட்–செப்டம்பர்வரை 39 இதழ்களுக்கு இடைவெளியே இல்லாமல் அட்டை அவருடையது. மொத்தம் 66. ஒரு படத்துக்கு 90 டாலர். ஒரு கோனன் சிறுகதைக்கு ஹோவர்ட் பெற்றதோடு ஒப்பிட்டால் மோசமில்லை. அந்தப் பணம் கைக்கும் வந்தது, ஹோவர்டுக்கு வராததுபோல் இல்லாமல்.

மற்ற இதழ்களின் அட்டைகள் எண்ணெய் வண்ணத்தில் முரட்டுத் தீற்றலாக இருக்கும். இவர் பயன்படுத்தியது வண்ணச் சாக்பீஸ் போன்ற பாஸ்டல். அதனால்தான் அந்தத் தோல் அவ்வளவு மிருதுவாக, உள்ளிருந்து ஒளி வருவதுபோல் இருக்கிறது. பின்னணியில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. ஒற்றை நிறப் பரப்பு, அதன்மேல் ஒரு பெண், ஒரு திரைச்சீலை, ஒரு பூனை அல்லது பாம்பு. ஆடை வரைந்து பழகிய கை அது என்பது துணியின் மடிப்பில் தெரியும். கடைத்தெருவில் பத்து இருபது இதழ்கள் கத்திக்கொண்டிருக்கும் அடுக்கில் இந்த வெறுமையே கண்ணை இழுத்திருக்கும். பாஸ்டலின் குறை, கை பட்டால் பொடி உதிரும். மூலப் படங்களில் மிகச் சிலவே மிஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெண்ணின் நிர்வாணம் இந்த அட்டைகளில் சாதாரணம். வாசகர் கடிதப் பகுதியான ‘தி ஐரி’யில் அதைப் பற்றிய சண்டை ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒரு மாதம் ஒருவர் வெட்கக்கேடு என்பார், அடுத்த மாதம் இன்னொருவர் இதைவிட அழகான அட்டை எங்கே என்பார். ‘எம். பிரண்டேஜ்’ என்ற கையொப்பத்தின் பின்னால் இருப்பது ஒரு பெண் என்பது 1934இல் வெளியானபோது விவாதம் இன்னும் சூடானது. எழுத்தாளர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்துவிட்டது. இதழின் வாசகர்களிடையே லவ்கிராஃப்டையும் ஹோவர்டையும்விடச் செல்வாக்காக இருந்தவர் சீபரி குவின். சவ அடக்கத் தொழிலுக்கான ‘காஸ்கெட் அண்ட் சன்னிசைட்’ என்ற இதழின் ஆசிரியராக இருந்த வழக்கறிஞர். துப்பறியும் மருத்துவர் ஜூல்ஸ் டி கிராண்டினை வைத்து 90க்கும் மேற்பட்ட கதைகள் எழுதினார். பிரண்டேஜின் அட்டை தன் கதைக்கு வரவேண்டும் என்றே ஒவ்வொரு கதையிலும் ஆடையவிழும் காட்சி ஒன்றைச் செருகுவார் என்று சக எழுத்தாளர்கள் பேசிக்கொண்டார்கள். லவ்கிராஃப்டின் கதைகளில் பெண்களே அபூர்வம். அவருக்கு அட்டை கிடைக்காததன் விளக்கம் அதிலேயே இருக்கிறது.

அட்டைக்குப் பிரண்டேஜ் என்றால், உள்ளே வர்ஜில் ஃபின்லே. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரிலிருந்து தபாலில் படங்களை அனுப்பிய இளைஞர். முதல் படங்கள் 1935 டிசம்பரில் வந்தன. ஆயிரக்கணக்கான புள்ளிகளையும் மயிரிழைக் கோடுகளையும் வைத்து நிழலை உண்டாக்குவது அவர் முறை. மரக்கூழிலிருந்து செய்த சொரசொரப்பான தாளில் அந்தப் புள்ளிகள் மையை உறிஞ்சி ஒன்றோடொன்று கலந்து கறையாகிவிடும் என்பது அச்சுப் பக்கத்தில் எழுந்த பயம். ரைட் சோதனையாக அச்சடித்துப் பார்த்தார், நின்றது. பின்னால் பழைய கவிஞர்களின் வரிகளை எடுத்து அவற்றுக்கு முழுப் பக்கப் படங்கள் வரையும் வேலையையும் ஃபின்லேயிடம் கொடுத்தார். ஒரு மலிவு இதழின் ஒரு முழுப் பக்கத்தை, விளம்பரம் வரக்கூடிய இடத்தை, நான்கு வரிக் கவிதைக்கும் ஒரு கோட்டோவியத்துக்கும் ஒதுக்கிய ஆசிரியர் அவர்.

இந்த மூன்று கலைகளும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ராபர்ட் பிளாக் என்ற மில்வாக்கி இளைஞர் லவ்கிராஃப்டுக்கு ரசிகர் கடிதம் எழுதத் தொடங்கி, 17 வயதில் இதழுக்குத் தன் முதல் கதையை விற்றவர். அவருடைய ‘தி ஃபேஸ்லெஸ் காட்’ கதை 1936 மே இதழில் வந்தது, ஃபின்லேயின் படத்தோடு. அந்தப் படத்தைப் பார்த்து அசந்துபோன லவ்கிராஃப்ட் ஃபின்லேக்கு ஒரு சானெட் எழுதினார். சீடனின் கதை, அதற்கு ஓர் ஓவியம், அந்த ஓவியத்துக்கு ஆசானின் கவிதை. அந்தக் கவிதை 1937 ஜூலை இதழில் அச்சானபோது லவ்கிராஃப்ட் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இவர்களில் பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. லவ்கிராஃப்டும் ஹோவர்டும் ஆறு ஆண்டுகள் கடிதத்திலேயே சண்டை போட்டு, நாகரிகமா காட்டுவாழ்க்கையா என்று வாதாடி, ஒரு முறைகூடச் சந்திக்காமல் போய்ச் சேர்ந்தார்கள்.

நம் பக்கத்து வாசகருக்கு ஒரு இடம் பரிச்சயமாகப் படும். ‘தி கால் ஆஃப் கதுலு’ கதையில் தியாசபிக்காரர்கள் வருகிறார்கள். அட்லாண்டிஸையும் மூழ்கிய லெமூரியாவையும் பற்றி ஸ்காட்–எலியட் எழுதிய நூல் பெயரோடு வருகிறது. அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் வழியாகப் பரவிய லெமூரியாக் கற்பனை அது. அதே லெமூரியாவைத்தான் தமிழ்நாட்டில் குமரிக் கண்டத்தோடு இணைத்துப் பேசினார்கள். ‘கல்’ என்ற பெயருள்ள அரசனை வைத்து ஹோவர்ட் எழுதிய கதைகளிலும் லெமூரியர்கள் உண்டு. இந்தியப் பெருங்கடலில் ஒரு நிலப்பாலம் இருந்திருக்கலாம் என்று 1864இல் ஒரு விலங்கியலாளர் விட்ட ஊகம், ஒரு கரையில் இழந்த தாயகமாகவும் இன்னொரு கரையில் பயங்கரக் கதையின் தளவாடமாகவும் போய்ச் சேர்ந்தது.

கிழக்கு நாடுகளை இந்த இதழ் காட்டிய விதம் வேறு கதை. மந்திரவாதி என்றால் ஆசியாக்காரன், பலிபீடம் என்றால் கறுப்பின மக்கள் என்று எழுதியவர்கள் இதில் நிறைய. லவ்கிராஃப்டின் இனவெறுப்பு அவருடைய கடிதங்களோடு நின்றுவிடவில்லை, கதைகளின் அச்சத்துக்கே அது எரிபொருள். இதை ஒதுக்கிவிட்டு அவரைப் புகழ்வது சரியல்ல. நான் அவரைத் தொடர்ந்து படிக்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்த இடங்களில் தடுக்கிக்கொண்டுதான் படிக்கிறேன்.

1938இல் இதழ் நியூயார்க்கின் வில்லியம் டெலானிக்குக் கைமாறியது. ரைட்டும் கூடவே போனார். நியூயார்க் மேயர் லா கார்டியா கடைகளில் தொங்கும் ஆபாச இதழ்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்துக்கொண்டிருந்த நேரம். பாஸ்டல் படங்களைச் சிகாகோவிலிருந்து உதிராமல் அனுப்புவதும் பாடு. பிரண்டேஜின் அட்டைகள் அருகின. அந்த இடைவெளியில் ஹான்ஸ் பாக் வந்தார். அவருடைய படங்களை 1939இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சுமந்துவந்து ரைட்டிடம் காட்டியவர் ரே பிராட்பரி, அப்போது பத்திரிகை விற்றுப் பிழைத்த 18 வயதுப் பையன். விலை 15 சென்டாக இறங்கியது. 1940 தொடக்கத்தில் ரைட் வெளியேறினார். ஜூன் மாதம் இறந்தார்.

அடுத்து வந்த டாரதி மெக்கில்ரெய்த்தைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள், அது நியாயமில்லை. காகிதத் தட்டுப்பாடு நிலவிய போர்க்காலத்தில், ரைட்டுக்கு இருந்ததைவிடக் குறைந்த பணத்தில், இதழை 1954 செப்டம்பர்வரை நடத்தினார். பிராட்பரியின் ஆரம்பக் கதைகளுக்கு வீடு கொடுத்தவர் அவர்தான். 1947இல் வந்த ‘டார்க் கார்னிவல்’ தொகுப்பின் பல கதைகள் இந்தப் பக்கங்களிலிருந்து போனவை. மண்ணும் அழுகலும் மணக்கும் லீ பிரவுன் கோயியின் கோணல் ஓவியங்களும் அவர் காலத்தவை. மொத்தம் 279 இதழ்களோடு முதல் சுற்று முடிந்தது. பிறகு பலர் பல முறை அதே பெயரில் இதழைத் தொடங்கிப் பார்த்தார்கள்.

நூல்களாக இந்த எழுத்து பிழைத்ததற்குக் காரணம் விஸ்கான்சின் மாநிலத்துச் சாக் சிட்டி என்ற சிற்றூர். எழுத்தாளர் ஆகஸ்ட் டெர்லத்தும், ரைட்டிடம் அன்று ஒரு வார்த்தை போட்டுவைத்த அதே வாண்ட்ரேயும், எந்தப் பதிப்பகமும் லவ்கிராஃப்டை ஏற்காததால் 1939இல் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தைத் தாங்களே தொடங்கினார்கள். முதல் நூல் ‘தி அவுட்சைடர் அண்ட் அதர்ஸ்’, 1,268 பிரதிகள், விலை 5 டாலர், மேலுறை ஓவியம் ஃபின்லே. விற்று முடியச் சில ஆண்டுகள் ஆயின.

1920களில் வந்த இதழ்கள் அமெரிக்காவில் இப்போது பொதுவுடைமை. பக்கம் பக்கமாக நகலெடுத்து இணைய ஆவணகங்களில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். தொகுப்பு நூலில் ஒரு கதையைப் படிப்பதற்குப் பதில் 1928 ஆகஸ்ட் இதழை முழுதாகத் திறந்து பாருங்கள். சி. சி. சென்ஃப் வரைந்த அட்டை. ஹோவர்டின் சாலமன் கேன் முதன்முதலில் தோன்றும் ‘ரெட் ஷேடோஸ்’. பள்ளி மாணவர் வில்லியம்ஸின் எகிப்தியக் கதை. இவற்றோடு மறந்துபோன பெயர்கள் எழுதிய மற்றவை, விளம்பரங்கள், வாசகர் கடிதங்கள். கதை முடிந்து மிச்சம் விழுந்த இடங்களை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். ரைட் கவிதை போட்ட இடங்கள் அவைதான்.